கடலடியில் கிடைத்ததாக விற்கப்படும் சீட்டுகள்: கண்ணாடிச் சட்டத்தைத் திறந்து பார்த்தபின்

மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட பழஞ்சீட்டுகள் என்ற அறிவிப்போடு இணையத்தில் விற்பனைக்கு வந்த ஒரு கண்ணாடிச் சட்டத்தை வாங்கி, ஆவணப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற நண்பர் ஒருவரின் உதவியோடு திறந்து ஆராய்ந்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சட்டத்துக்குள் இருப்பவை பழஞ்சீட்டுகள்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விற்பனையாளர் நம்மிடம் பணம் பெறுவது சீட்டின் பழமைக்காக மட்டுமல்ல, அது கடலுக்கு அடியில் கிடந்தது என்ற செய்திக்காகவும்தான். அந்தச் செய்தியை உறுதி செய்யும் சான்று எதுவும் இந்தப் பொருளோடு வரவில்லை என்பதும், பொருளே தரும் சான்று விற்பனையாளரின் கூற்றோடு முரண்படுகிறது என்பதும்தான் என் முடிவு.

சட்டத்தின் மேற்பகுதியில் கறுப்பு வெல்வெட் துணியின்மேல் நான்கு சீட்டுகள் தனித்தனியாக ஒட்டப்பட்டுள்ளன: ஆட்டின் ராஜா, இஸ்பேட் ராணி, கிளாவர் ஏழு, டைமண்ட் மூன்று. அவற்றுக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போன சீட்டுகளின் சிறு அடுக்கு ஒன்று ஒரு குழிவான தட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றோடு ஓர் எண்ணிட்ட சான்றிதழும், சீட்டுகளின் வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறு கையேடும் வருகின்றன. பொதி கட்டிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நடுவே போதுமான மெத்தை வைத்து, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதையும் தெளிவாகக் குறித்திருந்தார்கள். பொருள் சிறு சிதைவும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

முதலில் தனிச்சீட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை அழகானவை. ராஜாவும் ராணியும் எப்படித் திருப்பினாலும் நேராகத் தெரியும்படி இருபுறமும் தலையோடு வரையப்பட்டிருக்கிறார்கள். மூலையில் எழுத்தோ எண்ணோ இல்லை. கையில் விசிறிபோல் விரித்துப் பிடிக்கும்போது ஓரத்தைப் பார்த்தே சீட்டை அறிய உதவும் அந்தக் குறியீடுகள் 1870களில்தான் பரவலாயின. மூலைகள் கூர்மையாக, நேர்வெட்டாக உள்ளன. இந்த மூன்று அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஆங்கில மரபைச் சேர்ந்த இந்தச் சீட்டுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சானவை என்று கொள்வதற்குத் தடையில்லை. உருப்பெருக்கியில் பார்க்கும்போது, இக்கால அச்சில் தெரியும் புள்ளிக்கூட்டம் எங்கும் இல்லை. சிவப்பும் மஞ்சளும் நீலமும் திட்டுத்திட்டாக, கறுப்புக் கோட்டிலிருந்து மயிரிழை விலகி விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக ஏற்றிய அச்சுக்கு இது இயல்பு. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது சீட்டுகள் நீலவெண்மையாக ஒளிரவில்லை. 1950 வாக்கிலிருந்து காகிதத்தில் சேர்க்கப்பட்டுவரும் வெளுப்பூட்டிகள் அந்த விளக்கில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், இவை அண்மையில் தயாரித்த போலிகள் அல்ல என்று நம்பலாம்.

இந்த நான்கில் இஸ்பேட் ஏஸ் இருந்திருந்தால் என் வேலை மிக எளிதாக முடிந்திருக்கும். இங்கிலாந்தில் 1711 முதல் சீட்டுக்கட்டின்மீது வரி விதிக்கப்பட்டது. 1765 முதல் அந்த வரி செலுத்தப்பட்டதற்கு அடையாளமாக இஸ்பேட் ஏஸை அரசின் முத்திரைத்தாள் அலுவலகமே அச்சிட்டுத் தந்தது. 1828இல் அதன் வடிவம் மாறிப் பின்னலும் சுருளுமான வேலைப்பாடு நிறைந்ததாயிற்று. 1862க்குப் பிறகு தயாரிப்பாளர்கள் தாங்களே அதை அச்சிட அனுமதி கிடைத்தது. ஆகவே பழைய ஆங்கிலக் கட்டு ஒன்றில் அந்த ஒரு சீட்டு மட்டும் கையில் கிடைத்தால், தயாரிப்பாளரின் பெயரையும் ஏறக்குறைய எந்த ஆண்டுகளில் அது விற்பனைக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடலாம். சேகரிப்பாளர்கள் கட்டைக் கையில் எடுத்ததும் முதலில் இஸ்பேட் ஏஸைத் தேடுவது இதனால்தான். அந்தச் சீட்டு வேறொரு சட்டத்தில் வேறொருவரிடம் போயிருக்கிறதா, கீழே உள்ள அடுக்குக்குள் ஒட்டிக் கிடக்கிறதா என்பதைச் சான்றிதழ் சொல்லவில்லை.

கடல்நீர் ஒரு சீட்டுக்கட்டை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டால், இந்தப் பொருளின் மையமான சிக்கல் விளங்கும். அக்காலச் சீட்டு ஒற்றைத் தாள் அல்ல. தாள்கள் சிலவற்றை மாவுப்பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, அழுத்தி, மெருகேற்றி வெட்டிய அட்டை. தண்ணீரில் ஊறினால் முதலில் கைவிடுவது அந்தப் பசைதான். மூலைகளிலிருந்து தொடங்கி அட்டை ஏடு ஏடாகப் பிரியும். மேல் தாள் மெருகிழந்து பஞ்சுபோல் எழும். அருகில் இரும்பு இருந்தால் துருவின் பழுப்பு ஓரத்திலிருந்து உள்ளே ஊடுருவும். நுண்மணல் ஏடுகளுக்கிடையே போய்த் தங்கும். வண்ணங்களும் ஒரே அளவில் தாக்குப்பிடிப்பதில்லை. கரியால் ஆன கறுப்பு மையும், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கச் சிவப்பும் நீண்ட காலம் நிற்பவை. அக்காலத்தில் பெரிதும் பயன்பட்ட பிரஷ்ய நீலம் காரத்தன்மைக்கு இளகுவது, கடல்நீரோ மெல்லிய காரத்தன்மை உடையது. இவற்றையெல்லாம் கடந்து காகிதம் எஞ்ச வேண்டுமென்றால், நுண்ணுயிர்கள் எளிதில் நெருங்க முடியாத ஓரிடத்தில் அது அடைபட்டிருக்க வேண்டும். 1912இல் மூழ்கி, ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக் கப்பலின் சிதறலிலிருந்து கடிதங்களும் காகிதப் பணமும் மீண்டு வந்ததற்குக் காரணம், அவை பதனிட்ட தோற்பைகளுக்குள் இருந்ததுதான். தோலைப் பதனிடப் பயன்படுத்தும் துவர்ப்புப் பொருள் நுண்ணுயிர்களைத் தடுத்துவிட்டது. காற்றுப் புகாத சேற்றுக்குள் புதைந்த பெட்டியும் இப்படிக் காப்பாற்றக்கூடும். திறந்த கடலடியில் கிடந்த காகிதத்துக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த அறிவோடு கீழே உள்ள அடுக்கைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஓரங்களில் ஒவ்வொரு சீட்டும் இரண்டு மூன்று ஏடாகப் பிரிந்து, பிறகு அழுத்தத்தில் மீண்டும் ஒன்றோடொன்று இறுகியிருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் துருவின் கறை ஆழமாக இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு பூட்டோ கீலோ ஆணியோ இருந்திருக்கலாம். ஏடுகளின் இடைவெளியில் சாம்பல் நிற வண்டல் படிந்திருக்கிறது. நீண்ட நாள் நீரில் கிடந்த காகிதம் என்று இதை ஏற்பதில் எனக்கோ என் நண்பருக்கோ தயக்கமில்லை.

மேலே உள்ள நான்கு சீட்டுகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மூலைகள் பிரியவில்லை, மெருகு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, நீலம் மங்காமல் தெளிவாக நிற்கிறது, பழுப்புக் கறை நான்கிலும் ஒரே அளவில், ஒரே சாயலில், ஓரத்தைச் சுற்றி ஓடுகிறது. ஈரச் சுவரோ ஒழுகும் கூரையோ உள்ள ஒரு வீட்டின் இழுப்பறையில் கிடந்த சீட்டுக்கும் இதே கறை வரும். இந்த வேறுபாட்டுக்கு ஏதேனும் விளக்கம் இருக்குமோ, அடுக்கின் நடுவில் பாதுகாப்பாக இருந்த சீட்டுகளோ இவை என்று நெடுநேரம் யோசித்தோம். அப்போது நண்பர் அடுக்கின் மூலையைக் காட்டினார். அடுக்கில் உள்ள சீட்டுகளின் மூலைகள் வளைவாக வெட்டப்பட்டவை. தேய்ந்து வளைந்தவை என்று சொல்ல முடியாதபடி, ஓரம் கலையாமல் எஞ்சியுள்ள இரண்டு மூலைகளிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே வளைவு சீராக இறங்குகிறது. மேலே உள்ள நான்கும் நேர்மூலை. வளைமூலை வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. சான்றிதழோ இவையனைத்தும் “ஒரே கட்டைச் சேர்ந்தவை” என்கிறது. அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வழியில்லை.

வேறு கட்டைச் சேர்ந்த சீட்டுகளை அழகுக்காக மேலே வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குத் தோன்றும் விளக்கம். நீரில் கெட்ட அடுக்கு பார்ப்பதற்குக் கறுத்த மரத்துண்டுபோல் இருக்கும். அதை மட்டும் சட்டத்தில் வைத்தால் சுவரில் மாட்டுவதற்கு வாங்குபவரைக் கவராது என்று நினைத்திருக்கலாம். ராஜாவின் முகம் தெரிய வேண்டுமென்ற எண்ணம் புரிந்துகொள்ளக் கூடியதே. அப்படியானால், காட்சிக்காகச் சேர்க்கப்பட்ட வேறு கட்டின் சீட்டுகள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் இந்த மதிப்புரையில் கடுமையாக ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன்.

சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். தடித்த தாள், பொன்னிற முத்திரை, கையொப்பம் எல்லாம் உண்டு. 19ஆம் நூற்றாண்டு வணிகக் கப்பல் என்கிறது. கப்பலின் பெயர் இல்லை. அட்லாண்டிக் என்கிறது, இடம் இல்லை. எந்த ஆண்டில் மீட்டார்கள், யாருடைய அனுமதியோடு மீட்டார்கள், மேலே கொண்டுவந்த பிறகு காகிதத்துக்கு என்ன செய்தார்கள் என்பவற்றுக்கும் விடை இல்லை. இவற்றை நான் விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டேன். பதில் விரைவாகவும் மிகுந்த பணிவோடும் வந்தது. விருப்பமில்லையென்றால் பொருளைத் திருப்பி அனுப்பலாம், முழுத் தொகையும் தரப்படும் என்றார்கள். சேவை என்ற அளவில் அது பாராட்டத்தக்கது. ஆனால் கேட்ட கேள்விகளுக்குச் சான்றிதழில் இருந்த வாசகங்களே திரும்பி வந்தன. கப்பலின் பெயரை மறைப்பதற்கு ஒரே நியாயமான காரணம், அந்த இடத்துக்குக் கொள்ளைக்காரர்கள் போய்விடக் கூடாது என்பதுதான். அந்தக் காரணத்தையும் அவர்கள் சொல்லவில்லை.

அனுமதி பற்றிய கேள்வியைச் சம்பிரதாயத்துக்காக நான் கேட்கவில்லை. நூறு ஆண்டுகளாவது நீருக்கடியில் இருந்த மனித வாழ்வின் தடயங்களைப் பண்பாட்டு மரபாகக் கொண்டு, அவற்றை வணிகத்துக்காகச் சுரண்டுவதையும் மீட்கப்பட்ட தொகுதியைச் சிதறடிப்பதையும் தடுக்கும் உடன்படிக்கையை யுனெஸ்கோ 2001இல் ஏற்றது. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும் என்பதால், எல்லா மீட்புப் பணிகளும் சட்டவிரோதமானவை ஆகிவிடா. இருந்தாலும் ஒரு கட்டைப் பல சட்டங்களாகப் பிரித்து விற்பதில் என்ன இழப்பு நேர்கிறது என்பதை அந்த விதிகள் சரியாகவே உணர்ந்திருக்கின்றன. நீரில் இறுகிப்போன ஒரு கட்டில் சீட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசைதான் அந்தக் கப்பலில் கடைசியாக அதைக் கலைத்துக் கட்டியவர் விட்டுச் சென்ற வரிசை. வரிசையாக நிற்கிறதா, கலைந்து நிற்கிறதா, எத்தனை சீட்டு குறைகிறது என்பவற்றிலிருந்து அந்தக் கட்டு புதிதாகப் பெட்டியில் போய்க்கொண்டிருந்த சரக்கா, பயணிகள் ஆடிக்கொண்டிருந்த கட்டா என்பதை ஊகிக்க முடியும். சிவப்பில் சாதிலிங்கம் இருந்தால், அதிலுள்ள பாதரசம் எக்ஸ்-கதிருக்கு நன்றாகத் தெரியும். அடுக்கைப் பிரிக்காமலே அடுக்குப்படமாக (சி.டி. ஸ்கேன்போல்) எடுத்து, ஆட்டினும் டைமண்டும் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்க்கலாம். கரியால் ஆன கறுப்பு அப்படித் தெரியாது என்றாலும், பாதிக் கட்டின் வரிசை கிடைப்பதே பெரிய செய்தி. கத்தியால் பிளந்து பலருக்குப் பகிர்ந்த பிறகு அதற்கு வழியே இல்லை.

பொறுமையாகச் செய்தால் இத்தகைய காகிதத்திலிருந்து எவ்வளவு மீட்க முடியும் என்பதற்கு டச்சுக் கடலோடி வில்லெம் பாரென்ட்ஸின் அச்சுப் படங்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சீனாவுக்கு வடக்குக் கடல்வழி தேடிப் போன அவருடைய குழு, பனியில் கப்பல் சிக்கிக்கொண்டதால் 1596-97 குளிர்காலத்தை ஆர்க்டிக் கடலில் உள்ள நோவாயா செம்லியா தீவில் ஒரு மரவீட்டில் கழித்தது. விற்பதற்காகக் கொண்டுபோன செப்புத்தகட்டுப் படங்கள் அங்கேயே விடப்பட்டன. 1871இல் நோர்வே மாலுமி எல்லிங் கார்ல்சன் அந்த வீட்டைக் கண்டபோது அவை உறைந்து இறுகிய காகிதக் கட்டிகளாக இருந்தன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1970களில், அக்கட்டிகளைப் பிரித்தெடுத்தது. எந்தப் படங்கள் வணிகத்துக்குக் கொண்டுபோகப்பட்டன என்பதே அதன் பிறகுதான் தெளிவாயிற்று. அது கடலடியில் கிடந்ததல்ல, பனியில் கிடந்தது. ஆயினும் கட்டியைக் கட்டியாகவே காத்துவைத்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது.

இனி, வாங்கியவர்கள் உடனே கவனிக்க வேண்டிய ஒரு குறை. சட்டத்தின் அடியில் வெண்ணிறத் துகள்கள் சிதறியிருந்தன. என் நண்பர் அவற்றைத் தூரிகையால் திரட்டி, வாலைவடி நீரில் கரைத்து, ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டார். நீர் உடனே பால்போல் வெளுத்தது. குளோரைடு, அதாவது பெரும்பாலும் உப்பு, இருக்கிறது என்பதே இதன் பொருள். கடலிலிருந்து எடுத்த காகிதத்தைக் காயவிடாமல், குளிர்ந்த நன்னீரில் வைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றிய பிறகே உறையவைத்து உலர்த்துவார்கள். அந்தப் படியைத் தாண்டிவிட்டு உலர்த்தினால், உப்பு நார்களுக்கிடையே படிகமாகி, காற்றின் ஈரப்பதம் ஏறும்போது கரைந்தும் இறங்கும்போது மீண்டும் படிகமாகியும் நார்களை உள்ளிருந்தே உடைத்துக்கொண்டே இருக்கும். உதிரும் துகள்கள் அதற்கு அடையாளம். எனவே இந்த உப்பு கடலிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால், அடுக்குக்கு எந்தப் பாதுகாப்புப் பணியும் முறையாக நடக்கவில்லை. கடலிலிருந்து வரவில்லை, தோற்றத்துக்காக யாரோ ஏற்றியது என்றால், மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. விற்பனைப் பக்கத்தில் “நிபுணர்களால் பதப்படுத்தப்பட்டது” என்று எழுதியிருப்பதற்கு இரண்டில் எதுவும் இடம் தரவில்லை.

சட்டத்தின் அமைப்பும் காகிதத்துக்கு உகந்ததாக இல்லை. நான்கு சீட்டுகளும் இருபக்கப் பசைநாடாவால் துணியோடு ஒட்டப்பட்டுள்ளன. இதனால் பின்புறத்தைப் பார்க்கவே முடியவில்லை. பின்புற வடிவம் தெரிந்தால் நான்கும் தங்களுக்குள்ளாவது ஒரே கட்டா என்று சொல்லிவிடலாம். அந்தப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகி அட்டைக்குள் இறங்கும் என்பது அதைவிடப் பெரிய கவலை. கண்ணாடி சீட்டின் முகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சுவரில் மாட்டுவதற்குக் கொக்கி பொருத்தித் தந்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்கள் காகிதத்தை ஏறக்குறைய 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுள்ள மங்கிய ஒளியில், அதுவும் குறிப்பிட்ட காலம் மட்டும், காட்சிக்கு வைக்கின்றன என்பதைக் கையேட்டில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

கையேடு மட்டும் முழுப் பாராட்டுக்குரியது. சீட்டு செய்யும் முறை, வரி முத்திரை, மூலைக் குறியீட்டின் வரவு ஆகியவற்றைத் தெளிவாகவும் பிழையின்றியும் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு அறிந்த ஒருவர் வளைமூலையையும் நேர்மூலையையும் ஒரே கட்டு என்று எப்படி ஒப்புக்கொண்டார் என்பது எனக்கு விளங்கவில்லை; கையேட்டை எழுதியவரும் சட்டத்தை அடுக்கியவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கக் கூடும்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், 19ஆம் நூற்றாண்டுச் சீட்டுகளை விரும்புபவர்கள் அவற்றை நல்ல சீட்டு வணிகர்களிடம், இஸ்பேட் ஏஸோடு கூடிய முழுக் கட்டாகவே வாங்கிவிடலாம். இந்தச் சட்டத்தின் விலை நான்கு தனிச்சீட்டுகளுக்குரிய விலையைவிடப் பல மடங்கு அதிகம். கப்பற்சேதப் பொருளாகவே வேண்டுமென்பவர்கள் கப்பலின் பெயர், மீட்பு அனுமதி, பாதுகாப்புப் பணியின் பதிவு ஆகிய மூன்றையும் எழுத்தில் பெறாமல் தொகை செலுத்த வேண்டாம். நான் இதைத் திருப்பி அனுப்பவில்லை, அனுப்பினால் அந்த அடுக்கு இன்னொரு சுவரில் வெளிச்சத்தில் தொங்கும் என்பதால். அடுக்கை எடுத்து அமிலமற்ற பெட்டியில், ஈரப்பதம் மாறாத இடத்தில் வைத்திருக்கிறேன். உப்பை நீக்குவது பற்றி நண்பர் தம் ஆசிரியர்களிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்.

சான்றிதழில் எண் இருப்பதால் இதே தொகுப்பில் வேறு சட்டங்களும் விற்றிருக்க வேண்டும். உங்களிடம் ஒன்று இருந்தால், பிரிக்கும் முன் அடுக்கின் நான்கு பக்கங்களையும் அளவுகோலோடு படம் எடுத்து, துருக்கறை எந்தப் பக்கம், மூலை வளைவா நேரா, ஏறக்குறைய எத்தனை சீட்டு என்று சான்றிதழ் எண்ணோடு குறித்து வையுங்கள். துருக்கறையின் உயரமும் சாய்வும் ஒன்றோடொன்று பொருந்தினால், பிளக்கப்பட்ட கட்டின் துண்டுகளைப் படத்திலாவது பழைய வரிசைக்குக் கொண்டுவர முடியும்.